விஞ்ஞான ஒழுக்கநெறியைப் பேசும் மெய்நிகர் விளையாட்டு: திருகோணமலை மாணவர் ஒருவருக்கு விரிவான பதில்

திருகோணமலையில் கணினி விஞ்ஞானம் படிக்கும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "விஞ்ஞானிகள் எதிர்கொள்ளும் ஒழுக்கநெறிச் சிக்கல்களைக் கதையாகச் சொல்லும் மெய்நிகர் சாகச விளையாட்டு ஒன்றைச் செயற்றிட்டமாகச் செய்துவருகிறேன். சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றுக்குள் இரகசிய ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே ஆபத்தான வைரஸ் ஒன்று உருவாக்கப்படுகிறது. அதை அம்பலப்படுத்துவதா, மூடி மறைப்பதா என்பதை ஆடுபவர் முடிவுசெய்ய வேண்டும். ஏழு நண்பர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். ஏழு பேரும் யோசிக்காமல் அம்பலப்படுத்தினார்கள். ஒருவருக்கு வாந்தி வந்துவிட்டது. எங்கே பிழைத்தது, சேர்?"

தம்பி, வாந்தியைச் சரிசெய்வது எளிது, அதைப் பிறகு சொல்கிறேன். ஏழு பேரும் ஒரே முடிவை எடுத்ததுதான் கடினமான பிழை. நான் விளையாட்டு உருவாக்குபவன் அல்லன். மருத்துவ ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் இரத்தமும் சளியும் பார்த்து ஓய்வுபெற்றவன், சில ஆண்டுகள் ஆய்வு நெறிமுறைக் குழு ஒன்றில் உட்கார்ந்து விண்ணப்பங்களை வாசித்தவன். மகள் விட்டுச்சென்ற ஹெட்செட் ஒன்றினால் இவ்வகை விளையாட்டுகளையும் ஓரளவு ஆடியிருக்கிறேன். என் பதில் பெரும்பாலும் குழுவின் மேசையிலிருந்து வருவது என்பதை மனத்தில் வைத்து வாசியுங்கள்.

உங்கள் திட்டத்துக்கு முன்மாதிரி ஒன்று ஏற்கெனவே உண்டு. பிரித்தானிய நிறுவனமான என்ட்ரீம்ஸ் 2016இல் வெளியிட்ட 'தி அசெம்ப்ளி' என்ற விளையாட்டு, அரசுகளின் கண்காணிப்புக்கும் சமூகத்தின் ஒழுக்க வரம்புகளுக்கும் வெளியே இயங்கும் இரகசிய விஞ்ஞான அமைப்பு ஒன்றைப் பற்றியது. அதில் ஆடுபவர் இருவரின் கண்களால் மாறிமாறிப் பார்க்கிறார்: ஒருவர் அந்த அமைப்பை விட்டு வெளியேற நினைக்கும் ஆய்வாளர், மற்றவர் அதற்குள் புதிதாக இழுக்கப்படும் பெண் வைத்தியர். அந்தப் பெண் தள்ளுவண்டியில் கட்டப்பட்ட நிலையில் உள்ளே கொண்டுசெல்லப்படும் தொடக்கக் காட்சி எனக்குப் பிடித்தது. கதிரையில் அசையாமல் இருக்கும் ஆடுபவருக்கு, தான் ஏன் அசைய முடியவில்லை என்பதற்கான காரணத்தைக் கதையே கொடுத்துவிடுகிறது. இரட்டைப் பார்வையும் நல்ல யோசனைதான். ஆயினும் நிலத்தடி இரகசியத் தளம் என்ற ஏற்பாடு முதல் நிமிடத்திலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. உங்கள் எண்ணெய்த் தாங்கியும் அதையே செய்கிறது.

அந்தத் தாங்கிகளின் கவர்ச்சி எனக்கும் விளங்குகிறது. பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய தாங்கிகளில் 99 இன்றும் சீனக்குடாவில் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கிய கதையைக் கேட்காமல் இங்கே எவரும் வளர்வதில்லை. இரும்புச் சுவரில் எதிரொலிக்கும் காலடிச் சத்தத்தை ஹெட்செட்டில் கேட்டால் உடல் சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் துருப்பிடித்த இரும்பறைக்குள் முகமூடி அணிந்து வேலைசெய்பவர்கள் நல்லவர்களாக இருக்க முடியாது என்று ஆடுபவர் கதவடியிலேயே முடிவுசெய்துவிடுகிறார். அதன்பின் நீங்கள் கேட்கும் கேள்வி எதுவும் அவருக்குக் கேள்வியாகப் படாது.

உண்மையில் நடந்த பெருந்தவறுகள் எவ்வளவு வெளிச்சத்தில் நடந்தன என்பதைப் பாருங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி பகுதியில், அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவை 1932இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களும் அந்நோய் இல்லாத 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். நோய்க்குச் சிகிச்சை அளிக்காமல், அது உடலில் எப்படி முற்றுகிறது என்பதைப் பார்ப்பதே நோக்கம். 1940களில் பெனிசிலின் நிலைபெற்ற சிகிச்சையாகிவிட்ட பின்னரும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை, ஆய்வு 1972 வரை நீடித்தது. இதில் இரகசியத் தளம் எங்கே இருந்தது? முதல் ஆய்வுக் கட்டுரை 1936இலேயே வெளிவந்துவிட்டது. அதன் பின்னரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன, வைத்தியர்கள் அவற்றை வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த ஆய்வில் என்னை நெடுநாள் தூங்கவிடாமல் செய்தவர் தலைமை வைத்தியர் அல்லர். யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினத் தாதி, அந்த மனிதர்களைத் தன் காரில் ஏற்றிவந்தவர், குடும்ப நலம் விசாரித்தவர், அவர்களால் பெரிதும் நேசிக்கப்பட்டவர். பரிசோதனை நாளில் சூடான சாப்பாடு கிடைத்தது. பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் அடக்கச் செலவு கிடைத்தது. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுப்பதற்காக அனுப்பிய கடிதத்தில் அதை விசேட இலவசச் சிகிச்சை என்றே எழுதியிருந்தார்கள். அத்தனை அன்பும் அத்தனை பொய்யும் ஒரே காரில் பயணம் செய்தன. உங்கள் விளையாட்டில் ஆடுபவர் அந்தக் காரை ஓட்டுபவராக இருந்தால், ஏழு பேரில் எத்தனை பேர் எந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று உங்களாலோ என்னாலோ முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

ஆகவே நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஆய்வில் தவறு பெரும்பாலும் நாற்சந்தியில் நின்று வழி கேட்பதில்லை. அன்றைய வேலையின் ஒரு பகுதியாக, யாரோ கொடுத்த படிவமாக, மதியத்துக்குள் முடிக்க வேண்டிய எண்ணிக்கையாக வந்து கையில் அமர்கிறது. மெய்நிகர் விளையாட்டுக்கு மற்றக் கலைகளுக்கு இல்லாத வசதி இந்த இடத்தில்தான் இருக்கிறது: ஆடுபவரின் சொந்தக் கையே அந்த வேலையைச் செய்கிறது. அந்த வசதியைத் திரையில் தோன்றும் இரண்டு தெரிவுகளுக்காக விரயம் செய்யாதீர்கள்.

என் கையையே உதாரணமாகக் காட்டுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு தொடர்பான ஆய்வு ஒன்றுக்காக மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு இரத்தம் எடுக்கப் போனோம். பொதுநோக்கு மண்டபம், வெளியே வரிசையில் பிளாஸ்டிக் கதிரைகள், உள்ளே மேசையில் மூன்று பக்கச் சம்மதப் படிவங்கள், அவற்றின் அருகே மைப்பெட்டி. ஐஸ் பெட்டியில் கட்டிகள் உருகத் தொடங்கியிருந்தன. மதியத்துக்குள் அறுபது பேரை முடிக்க வேண்டும் என்றும் வாகனம் அதற்கு மேல் நிற்காது என்றும் சொல்லியிருந்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவரின் முறை வந்தபோது நான் மைப்பெட்டியை நீட்டினேன். அவர் பெருவிரலை மையில் ஒற்றி, தாளுக்கு மேலே நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இதுல கை வெச்சா மருந்து தருவீங்களா மகன்?"

அந்த ஆய்வில் மருந்து எதுவும் கிடையாது. இரத்தச் சீனியை அளப்பதும் வினாக்கொத்து நிரப்புவதுமே வேலை. "வைங்க உம்மா" என்றேன். அவர் வைத்தார். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அவருக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை, படிவமும் ஒழுங்காகவே இருந்தது, எந்தக் குழுவும் அதில் பிழை கண்டிருக்காது. ஆயினும் அவர் சம்மதித்தது எங்கள் ஆய்வுக்கு அன்று, தன் மனத்தில் இருந்த மருந்துக்கு. ஆய்வையும் சிகிச்சையையும் ஒன்றென எண்ணும் இந்த மயக்கத்தை போல் அப்பல்பாம் என்ற உளமருத்துவரும் உடன் பணியாற்றியோரும் 1982இல் பெயரிட்டு விளக்கினார்கள். 1947இல் நாசி வைத்தியர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்போடு வந்த பத்து நெறிகளில் முதலாவது, மனிதர் தாமாக மனமுவந்து தரும் சம்மதம் முற்றிலும் இன்றியமையாதது என்கிறது. மண்டபத்தின் வெயிலில் அந்த வாக்கியம் இரண்டு சொற்களாகவும் ஒரு மைப்பெட்டியாகவும் சுருங்கிவிடும் என்பதை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இதை நீங்கள் காட்சியாக்கினால், ஆடுபவரின் வலக்கையில் மைப்பெட்டி இருக்கட்டும். சுவர்க் கடிகாரமும் ஐஸ் பெட்டியில் செருகிய வெப்பமானியும் பார்வைக்குள் இருக்கட்டும். வெப்பமானி ஏறிக்கொண்டிருக்கட்டும். மூதாட்டி கேள்வியைக் கேட்டுவிட்டு ஆடுபவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஹெட்செட் தலையின் திசையை அறியும் என்பதால், ஆடுபவர் முகத்தைத் திருப்பினால் அதுவும் ஒரு பதிலாகப் பதிவாகலாம். மைப்பெட்டியைத் தாழ்த்தி மேசையில் வைத்தால் விளக்கிச் சொல்லும் உரையாடல் தொடங்கும், அதற்கு நேரம் செலவாகும், வெளியே வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், மாதிரிகள் சில பழுதாகும். எதுவும் செய்யாமல் இருந்தால் விரல் தாளில் பதியும். "சரியாகச் செய்தீர்கள்" என்ற மணியோசையோ புள்ளியோ வேண்டாம். இரண்டு காட்சிகள் கடந்து, வேறொரு வேலையாக வைத்தியசாலை வாசலுக்கு வரும் ஆடுபவரிடம் அதே மூதாட்டி "மருந்து வந்திட்டா மகன்?" என்று கேட்டால் போதும்.

மீந்த இரத்தத்தைப் பற்றியும் ஒரு காட்சி வைக்கலாம். ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற மாதிரி ஆழ்குளிர்ப்பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், பிறகு ஒருவர் வேறொரு நல்ல ஆய்வுக்காக அதைக் கேட்பார். 1951இல் அமெரிக்காவில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸின் உயிரணுக்கள் அவருடைய சம்மதம் கேட்கப்படாமலே வளர்க்கப்பட்டு உலகெங்கும் ஆய்வுக்குப் போன கதையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பெட்டியைத் திறந்ததும் எழும் வெண்புகையையும் உறைபனி மூடிய லேபிளை விரலால் துடைத்துப் பெயரை வாசிப்பதையும் நன்றாகச் செய்தால் வசனமே தேவைப்படாது. நம் மண்ணில் நடக்கக்கூடிய இன்னொரு கதையும் உண்டு. சித்த மருத்துவம் கற்பிக்கப்படும் ஊர் இது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து 1997இல் நீக்கச்செய்தது. உங்கள் கதையில் வரும் ஆய்வாளர் ஊர் வைத்தியரிடம் இலையின் பெயரைக் கேட்கும் காட்சி அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் ஒரு செயற்றிட்டத்துக்கு இவை எல்லாம் அதிகம், ஒன்றைத் தெரிந்தெடுங்கள்.

வைரஸை விட மனமில்லை என்றால், அதை உருவாக்குபவரைப் பைத்தியக்காரராக்காதீர்கள். 2011இல் நெதர்லாந்தில் ரொன் ஃபூஷியேயின் குழுவும் அமெரிக்காவில் யொஷிஹிரோ கவவோகாவின் குழுவும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ், பாலூட்டியான ஃபெரெட் விலங்குகளுக்கிடையே காற்றுவழி பரவும்படி மாறக்கூடும் என்று காட்டின. எந்த மாற்றங்கள் ஆபத்தானவை என்று தெரிந்தால் இயற்கையில் அவை தோன்றும்போது எச்சரிக்கையாகலாம் என்பது அவர்கள் வாதம். அதே விவரம் தீயவர் கையில் செய்முறைக் குறிப்பாகிவிடும் என்பது எதிர்வாதம். அமெரிக்காவின் உயிரியல் பாதுகாப்பு ஆலோசனைச் சபை, விவரங்களை நீக்கி வெளியிடுமாறு 2011 டிசம்பரில் கேட்டது. 2012 ஜனவரியில் ஆய்வாளர்கள் தாமாகவே வேலையை இடைநிறுத்தினார்கள். அதே ஆண்டின் நடுப்பகுதியில் இரு கட்டுரைகளும் முழுமையாக வெளிவந்தன. இரு பக்கமும் பொதுமக்களின் உயிரைக் காக்கவே பேசின என்பதைக் கவனியுங்கள். அந்தக் கட்டுரையை அனுப்பும் பொத்தானை உங்கள் ஆடுபவரின் கையில் கொடுத்தால், ஏழு பேரும் ஒரே பக்கம் நிற்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வெளியேறும் காட்சியைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் கதையில் கதாநாயகன் ஆதாரங்களோடு ஓடிவந்து ஊடகத்துக்குக் கொடுக்கிறான், எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஜோசப் ரொட்பிளாட் என்ற இயற்பியலாளர் அணுகுண்டுத் திட்டத்திலிருந்து விலகியது அப்படி நடக்கவில்லை. ஜெர்மனி குண்டு செய்யும் முயற்சியைக் கைவிட்டது என்று அறிந்ததும், தான் அங்கே இருப்பதற்கான காரணம் போய்விட்டது என்று 1944 இறுதியில் அவர் விலகினார். உண்மைக் காரணத்தைச் சக ஆய்வாளர்களிடம் பேசக்கூடாது என்றும், போலந்தில் சிக்கிய மனைவியைப் பற்றிய கவலையையே காரணமாகக் கொள்ள வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. அந்த மனைவி நாசிகளின் ஆட்சியில் கொல்லப்பட்டார். ரொட்பிளாட்டுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது 1995இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், அணுகுண்டு ஆய்வுத்தளமான லொஸ் அலமொஸை விட்டு அவர் புறப்பட்டபோது கைதட்டல் எதுவும் இருக்கவில்லை. காரணம் சொல்ல முடியாமல் விடைபெறுவதை, நண்பர்கள் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி "மனைவி நலமாகக் கிடைக்கட்டும்" என்று வாழ்த்துவதை, ஆடுபவர் பொய்யோடு ஏற்றுக்கொள்ள வேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். கைதட்டலை விட அது கனமானது.

இனி வாந்தி. கண் நகர்வைக் காண்கிறது, உட்காதின் சமநிலை உறுப்பு நகர்வை உணரவில்லை. இந்த முரண்பாட்டில்தான் குமட்டுகிறது. நீங்கள் கொன்ட்ரோலரின் குச்சியால் வழுக்கிச் செல்லும் நடையை வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இடத்தைக் காட்டிக் கண்ணிமைக்கும் நேரத்தில் அங்கே தாவும் முறையையும், சீராகச் சுழலாமல் படிபடியாகத் திரும்பும் முறையையும் வையுங்கள், வழுக்கும் நடையை விரும்புபவர் மட்டும் தெரிந்தெடுக்கட்டும். திரையில் செக்கனுக்கு 90 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) என்றால் ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் இருப்பது ஏறத்தாழ 11 மில்லிசெக்கன்தான், தாங்கியின் துருவை அழகாக்கப் போய் அதைத் தாண்டிவிடாதீர்கள். திருமலைக்காரனுக்குத் திமிங்கிலம் பார்க்கும் படகுக் காட்சி ஒன்றை வைக்காமல் இருப்பது கஷ்டந்தான். ஆனாலும் வைக்காதீர்கள். அசலிலேயே பாதிப்பேர் வாந்தியெடுக்கும் பயணம் அது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1961இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிரம் தொடங்கிய கீழ்ப்படிவுப் பரிசோதனைகளில், ஆய்வாளரின் உத்தரவுப்படி அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைக்கப்பட்ட 40 பேரில் 26 பேர் இறுதி 450 வோல்ற் வரை போனார்கள். ஆட்கள் பட்ட மன உளைச்சலால் அதை அப்படியே மீளச் செய்வது பின்னர் ஏற்கப்படாததாயிற்று. 2006இல் மெல் ஸ்லேட்டரின் குழு இலண்டனில் அதை மெய்நிகர் உலகில் செய்துபார்த்தது. 34 பேரில் 23 பேர் கணினியால் ஆன பெண்ணைக் கண்டும் கேட்டும், 11 பேர் எழுத்து வழியாக மட்டும் அவளோடு தொடர்புகொண்டும் பரிசோதனையில் ஈடுபட்டார்கள். அவள் உண்மையானவள் அல்லள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அவளைக் கண்டவர்களின் இதயத்துடிப்பும் தோலின் வியர்வையும் உண்மை மனிதருக்கு எதிரில் மாறுவது போலவே மாறின, சிலர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

அப்படியென்றால் உங்கள் ஏழு நண்பர்களும் வெறும் ஆடுபவர்கள் அல்லர். என்ன காட்சி வரும், உடலுக்கு என்ன நேரலாம், இடையில் எப்படி நிறுத்துவது, அவர்களின் தலை அசைவும் கை அசைவும் பதிவாகின்றனவா என்பதை அவர்களிடம் முன்கூட்டிச் சொன்னீர்களா? வாந்தியெடுத்தவருக்கு நிறுத்தலாம் என்று தெரிந்திருந்ததா, அல்லது நண்பனின் செயற்றிட்டம் கெட்டுவிடக்கூடாது என்று தாங்கிக்கொண்டாரா? மனிதரைக் கொண்ட மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சிங்கிப் பிரகடனம் 2024 ஒக்டோபரில் திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு உட்படுவோர் என்ற பொருள்படும் பழைய சொல்லை நீக்கி, பங்குபற்றுவோர் என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். அடுத்த சுற்றுச் சோதனைக்கு முன் உங்கள் மேற்பார்வையாளரிடம் நெறிமுறை அனுமதி தேவையா என்று கேளுங்கள், ஒரு பக்கத்துக்கு மேற்படாத சம்மதத் தாள் எழுதுங்கள், எந்தக் காட்சியிலும் ஒரே அசைவில் வெளியேறும் வழியை வையுங்கள். அந்தத் தாளை வாசித்துப் பார்த்துத் திருத்தித் தர நான் ஆயத்தம்.

மூதாட்டியின் காட்சியைச் செய்வதென்றால், அவருடைய வசனத்தை எழுத்துத் தமிழில் எழுதி நண்பி ஒருவரைப் பேசவைக்க வேண்டாம், அது ஒரு நொடியில் பொய்த்துவிடும். மூதூரிலோ கிண்ணியாவிலோ அந்த வயதுள்ள ஒருவரின் குரலைப் பதிவுசெய்யுங்கள். பதிவுசெய்யும் முன் அது எதற்கு, எங்கே கேட்கும், யார் கேட்பார்கள் என்பதை அவருக்கு விளங்கும் வரை சொல்லுங்கள், பேசியதற்கு உரிய பணத்தைக் கொடுங்கள். பேசி முடித்தபின் ஹெட்செட்டை அவர் தலையில் வைத்து அந்தக் காட்சியைக் காட்டுங்கள். தன் குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டபின் அவர் வேண்டாம் என்றால், அந்தக் கோப்பை அவர் கண்முன்னே அழித்துவிட்டு வேறொருவரைத் தேடுங்கள்.